மூணு ஒயரும் ஒரு சூலமும்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. பதறாதே, எனக்கும் அவசரமில்லை. எனக்குப் பதினேழு முடிந்து பதினெட்டு ஓடுகிறது. உன் அப்பன் யாரென்று எனக்கே தெரியாது, தெரிந்தால் உன் பாட்டி என் காலை முறித்து விறகோடு அடுக்கிவிடுவாள். எங்கள் ஊர் வாசகசாலையின் ஆண்டுமலரில் வருடம் தவறாமல் ஒரு பெரியவர், மூட்டு வலிக்க ஆரம்பித்ததும், தன் மகனுக்கு ஒரு கடிதம் எழுதுவார். இந்த முறை எழுத வேண்டியவர் பேத்தியின் காதுகுத்துக்குப் பல்லடம் போனவர், பலகாரம் தீரும்வரை வரமாட்டார் போலிருக்கிறது. பக்கம் காலியாகக் கிடக்கிறது என்று நூலகர் என்னைப் பிடித்தார். "எனக்கு மகனே இல்லீங்களே" என்றேன். "மகன் இருக்கறவங்க எழுதி எந்த மகன் திருந்துனான்? நீ எழுது அம்மிணி" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நீ வளர்ந்து, மீசை முளைத்து, என்னை எதிர்த்துப் பேசுகிற வயதில் இதைப் படிக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் நான் கணக்குப் படிக்கக் கோழிக்கோட்டுக்கு ரயில் ஏறுகிறேன். போவதற்கு முன், உன் தாய்மாமன் சக்தியின் இடது கண் எப்படிக் கெட்டது என்பதை உனக்கு என் கையாலேயே எழுதி வைக்க வேண்டும். ஊரில் அதைப் பற்றி ஒரு வருடமாக ஒரு கதை ஓடியது. அதை ஓட விட்டதே நான்தான்.

முதலில் ஒரு புத்திமதி, கடிதம் என்றால் அது இல்லாமல் முடியாதாமே. கணக்கு ஒரு பக்கம், கலை ஒரு பக்கம் என்று யாராவது உன்னிடம் பிரித்துச் சொன்னால் நம்பாதே. கவிதையிலும் அடி உண்டு, நிலம் அளப்பதிலும் அடி உண்டு, எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலில் நிச்சயம் அடி உண்டு. மூன்றாவது அடியில் நின்றுதான் முதல் இரண்டும் எனக்கு விளங்கின. பாலக்காட்டுப் பெருமாட்டிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. தெரு இரண்டே இரண்டு, கிழக்கே கெழக்கால, மேற்கே மேக்கால. நாம் கெழக்கால. பொங்கலுக்கு இரண்டு தெருவும் ஆளுக்கொரு லைட் போர்டு நிறுத்தும். தென்னை உயரத்துக்கு மூங்கில் சட்டம் கட்டி, அதில் ஆயிரக்கணக்கில் சின்ன பல்புகளைச் செருகி, சாமி படம் எரிய வைப்பார்கள். படம் சும்மா நிற்காது. மயில் தோகை விரிக்கும், தேர்ச் சக்கரம் சுற்றும், சூலம் பாயும். சின்ன வயதில் அந்தச் சூலம் நிஜமாகவே நகர்கிறது என்று நினைத்து, பிடிக்கப் போய், கன்னத்தில் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம்தான் தெரிந்தது, அங்கே எதுவுமே நகரவில்லை. வரிசையாக நிற்கிற பல்புகளை ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று கூட்டமாகப் பிரித்துவிடுகிறார்கள். கூட்டத்துக்கு ஒரு ஒயர். பின்னால் ஒரு கண்ட்ரோல் பெட்டி, முதல் ஒயருக்குக் கரண்ட் கொடுத்து நிறுத்தி, இரண்டாவதற்குக் கொடுத்து நிறுத்தி, மூன்றாவதற்குக் கொடுக்கும். பல்பு நின்ற இடத்திலேயே எரிந்து அணைகிறது, நம் கண்தான் ஓடுகிறது. எனக்கு அன்றைக்குச் சாமி போய்விட்டது, கணக்கு வந்துவிட்டது. அதைவிடப் பெரிய சாமி அது என்று உன் பாட்டியிடம் சொல்லி அதற்கும் வாங்கினேன். பிறகு நானே கணக்கு நோட்டின் கட்டங்களில் புள்ளி வைத்து எங்கள் தெரு போர்டுக்குப் படம் வரைந்து கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு கண்ணை எத்தனை குறைவான புள்ளியில் வரைந்தால் அது கண்ணாகவே இருக்கும், இன்னும் ஒன்றை எடுத்தால் எப்போது அது வெறும் புள்ளியாகிவிடும் என்று ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறேன். படம் வரைவதா கணக்குப் போடுவதா என்று அப்போது எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, இப்போதும் தெரியாது.

இதே மூன்று ஒயர் விஷயம் எங்கள் பக்கத்து விவசாயி எல்லோருக்கும் தெரியும், வேறு பெயரில். உன் தாத்தா போர்வெல் மோட்டார் போட்டால் சில நாள் மோட்டார் உறுமும், தண்ணீர் வராது. லைனில் யாரோ எங்கேயோ கம்பியை மாற்றிக் கட்டியிருப்பார்கள், மோட்டார் திரும்பிச் சுற்றும். "ஏதாச்சும் ரெண்டு ஒயர மாத்திக் குடுறா" என்பார் தாத்தா. சக்தி மாற்றுவான். தண்ணீர் கொட்டும். எந்த ரெண்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை. பதினொன்றாம் வகுப்பில் வரிசைமாற்றம் நடத்தும்போது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று ஒயரை ஆறு விதமாக மாட்டலாம். அதில் மூன்று விதம் நேராக ஓடும், மூன்று விதம் திரும்பி ஓடும். எந்த இரண்டை இடம் மாற்றினாலும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விழுவாய். உன் தாத்தா கோவணத்தைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் மேட்டில் நின்று சொன்னதைத்தான் புத்தகம் இரண்டு பக்கத்துக்கு நிரூபித்திருந்தது.

போன வருடப் பொங்கலுக்கு மேக்காலத் தெருக்காரர்கள் பெரிதாகத் திட்டம் போட்டார்கள். இடது பக்கம் அம்மன், வலது பக்கம் எருமைத் தலை அரக்கன், அம்மன் கையிலிருந்து சூலம் பாய்ந்து அரக்கன் நெஞ்சில் இறங்கும், கழுத்திலிருந்து சிவப்பு பல்பில் ரத்தம் வழிந்து தரைக்கு ஓடும். காலையிலேயே அந்தப் பையன்கள் எங்கள் தெருவுக்கு வந்து அலட்டினார்கள். என் வாய் இருக்கிறதே, அது என்னைவிட இரண்டு அடி முன்னால் நடக்கும். "எருமைகளா சேர்ந்து கட்டுற போர்டு. ராத்திரி பாருங்க, எருமைதான் ஜெயிக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவர்கள் தவிர. அதற்கு முந்தைய வருடம் எங்கள் தெரு போர்டிலேயே ஒரு பல்பைத் தளர்த்தி அம்மன் தோள் கிளியைக் கண்ணடிக்க வைத்தவள் நான். பள்ளிக்கூட மணியைச் சோற்றுக்கு முன்னால் அடித்தவள் நான். ஆகவே என் வாயிலிருந்து வந்தது கிண்டலா திட்டமா என்று கேட்டால், கிண்டல் என்று நம்ப ஊரில் ஒரு ஆள் இருந்திருக்க மாட்டான்.

மத்தியானம் திடீரென்று மழை அடித்தது. மேக்கால போர்டின் பெட்டிமேல் போட்டிருந்த தார்ப்பாய் பறந்து, ஒயர்கள் நனைந்து பிடுங்கிக்கொண்டன. போர்டு செய்து கொடுத்தவர் அதற்குள் ஆனைகட்டிப் பக்கம் இன்னொரு திருவிழாவுக்குப் போய்விட்டார். மோட்டார் ரிப்பேர் பார்க்கிற மணியண்ணன் மேக்காலத் தெருக்காரர். அவரைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினார்கள். போர்டுக்காரர் போனில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம், சூலம் இடமிருந்து வலமாக ஓட வேண்டும் என்று. மணியண்ணன் மோட்டார்க்காரர், ஒயரை எப்படியோ மாட்டி, ஓட்டிப் பார்த்து, திரும்பி ஓடினால் இரண்டை மாற்றிக்கொள்கிற பழக்கம். எங்கள் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. அம்மன் ஊர்வலம் வந்து போர்டுக்கு முன்னால் நிற்கிறவரை முன்பக்கத்தைத் துணி போட்டு மூடித்தான் வைத்திருப்பார்கள். விலக்கிப் பார்த்தால் அபசகுனம். அதனால் மணியண்ணன் பின்னால் நின்றுகொண்டே சூல வரிசையை மட்டும் எரியவிட்டுச் சோதித்தார். சரியாகிவிட்டது என்று டீ குடிக்கப் போனார்.

இருட்டு விழுகிற நேரத்தில் ஊர்வலம் வந்தது. கொட்டு நின்றது. கமிட்டித் தலைவர் பழனிச்சாமி மாமா கை காட்ட, துணி விழுந்தது, சுவிட்சு போட்டார்கள். அரக்கன் நெஞ்சிலிருந்து சூலம் கிளம்பிப் போய் அம்மன் மார்பில் பாய்ந்தது. மறுபடி பாய்ந்தது. மறுபடியும். தரையில் கிடந்த ரத்தம் ஏறிப்போய் எருமைக் கழுத்துக்குள் புகுந்தது. அதே பல்பு, அதே அம்மன், அதே அரக்கன். ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. வரிசை மட்டும் திரும்பிவிட்டது, கும்பிட வேண்டிய படம் காறித் துப்புகிற படமாகிவிட்டது. ஒரு நொடி என் உடம்பெல்லாம் சிலிர்த்தது, இவ்வளவு சின்ன மாற்றத்துக்குள் இவ்வளவு பெரிய அர்த்தமா என்று. அடுத்த நொடி எங்கள் தெருப் பையன் எவனோ, "எருமை ஜெயிச்சிருச்சுடோய்!" என்று கத்தினான். நான் காலையில் சொன்ன அதே வார்த்தை.

எங்கள் தெருவில் எழுந்த சிரிப்பு பாதியில் அறுந்தது. முதல் கல் எங்கே விழுந்தது என்று தெரியாது, பந்தலின் டியூப்லைட் வெடித்துக் கண்ணாடி எங்கள் தலையில் கொட்டியது. "எங்கடா அந்தக் கெழக்காலக் கழுதை?" என்று என்னைத் தேடினார்கள். நான் பெண்கள் கூட்டத்தில் இருந்தேன். பொட்டப் புள்ளையை நடுத்தெருவில் போட்டு அடிக்க முடியாது என்று அந்த வெறியிலும் அவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது, அந்த நியாயம் சக்தியைத் தேடிப் பிடித்தது. அவன் கஞ்சிக்கோட்டில் ஷிப்டு முடித்து, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல், கையில் எனக்கு வாங்கிய பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்து நின்றிருந்தான். பின்னாலிருந்து ஒருவன் காலை வாரினான். பொட்டலம் சிதறியது. பிறகு நான் பார்த்ததெல்லாம் முதுகுகள்தான். குனிந்த முதுகுகள், ஏறி இறங்குகிற கைகள், அதற்குள்ளிருந்து ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

உள்ளே நுழைந்து நுழைந்து விழுந்தேன். ஒருத்தன் முழங்கை என் உதட்டைக் கிழித்தது. சக்தியைத் தூக்கி நிறுத்தித் தென்னையில் சாத்தியிருந்தார்கள். ஒரு கண் மூடி நாவல்பழம் மாதிரி வீங்கியிருந்தது, மூக்கிலிருந்து ரத்தம் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாகத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. "உந் தங்கச்சி எங்கடா? அவதான பண்ணுனா?" என்று மூங்கில் தப்பையால் முழங்காலில் அடித்தார்கள். உன் தாய்மாமன் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சொன்னான், "அவ இல்ல. நாந்தாண்டா பண்ணுனேன்." அடி இரண்டு மடங்கானது. அவனுக்கு போர்டு விஷயம் ஒரு மண்ணும் தெரியாது, அன்றைக்குப் பகலெல்லாம் ஊரிலேயே இல்லை. நான்தான் செய்திருப்பேன் என்று அவனும் நம்பினான். நம்பித்தான் அப்படிச் சொன்னான். அது எனக்குப் பட்ட அடியில் எல்லாம் பெரிய அடி.

அந்த நேரத்தில் தெருமுனையில் எங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள். மண்வெட்டிக் காம்பு, சைக்கிள் செயின், பந்தல் காலைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு. இரண்டு கூட்டமும் மோதினால் சக்தி நடுவில் மிதிபட்டே செத்திருப்பான். நான்தான் செய்தேன் என்று கத்தலாமா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கத்தினால் எங்கள் தெரு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அவர்களுக்கு அடிக்க இன்னும் உரிமை வந்துவிடும். திரும்பி போர்டைப் பார்த்தேன். அது பாட்டுக்கு அம்மனைக் குத்திக்கொண்டிருந்தது, அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இப்படித் திரும்புவதற்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. கூட்டத்தை விட்டுவிட்டு, அண்ணனை விட்டுவிட்டு, போர்டுக்குப் பின்னால் ஓடினேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஓடினேன்.

பின்னால் மணியண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முன்னால் என்ன எரிகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. "மணியண்ணா, சூலம் எப்படி ஓடுது?" என்றேன். "செரியாத்தான் ஓடுது அம்மிணி. இடமிருந்து வலம். பாரு." கையை நீட்டிக் காட்டினார். அவருடைய இடம், அவருடைய வலம். அங்கிருந்து பார்த்தால் சரிதான், இம்மியும் பிசகில்லை. முன்னால் நிற்கிற ஊருக்கு மட்டும் அது வலமிருந்து இடம். கண்ணாடிக்கு முன்னால் சட்டைப் பையைத் தேடுகிற மாதிரி ஒரு பிழை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு மனிதர் நிற்க வேண்டிய பக்கத்துக்கு மறுபக்கம் நின்றதற்காக என் அண்ணன் செத்துக்கொண்டிருந்தான்.

பழனிச்சாமி மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் மேக்காலத் தெரு, அறுபது வயது, குரலுக்கே கூட்டம் வழிவிடும். ஆனால் அன்றைக்கு அவர் குரலும் எடுபடாமல் ஓரமாக நின்று கத்திக்கொண்டிருந்தார். "உடு புள்ள கைய" என்று உதறினார். "மாமா, ஒரே ஒரு நிமிசம் பின்னால வந்து பாருங்க. நாம் பொய் சொன்னா எங்கண்ணன நீங்களே அடிச்சுக் கொல்லுங்க" என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் வந்தார். பின்னால் நிறுத்திச் சூலத்தைக் காட்டினேன். இடமிருந்து வலம். முன்னால் கூட்டிவந்து காட்டினேன். அவர் விவசாயி, மூன்று போர்வெல் வைத்திருக்கிறவர், சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. "மாத்து" என்றார். எந்த இரண்டு என்று நான் யோசிக்கவே இல்லை. கைக்கு வந்த இரண்டைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினேன்.

சூலம் நின்று, திரும்பி, அரக்கன் நெஞ்சில் பாய்ந்தது. ரத்தம் தரைக்கு இறங்கியது. கூட்டத்தில் முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. "நிறுத்துங்கடா! அந்தப் பையன் பண்ணல, அந்தப் புள்ளயும் பண்ணல. ஒயர் மாறிப் போச்சு!" என்று மாமா தொண்டை கிழியக் கத்தினார். கைகள் விட்டன. சக்தி தென்னையோடு சரிந்து உட்கார்ந்தான். எங்கள் தெரு ஆட்கள் ஓடி வந்து அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன். கணக்குச் சரியாக வந்துவிட்டது, விடைக்கு அடியில் கோடு போட்டுவிடலாம் என்று நினைத்தேன். இங்கேதான் மகனே உன் அம்மா ஒரு முட்டாள்.

உயர்த்திய கையை யாரும் சும்மா இறக்குவதில்லை. "ஒயர் எப்படி மாறுச்சு? எவன் மாட்டுனான்?" என்று ஒரு குரல். "மணியன்தான் மத்தியானம் மாட்டுனான்" என்று இன்னொன்று. "காசு வாங்கிட்டுக் கெழக்காலத்தானுக்கு வேல பாத்திருக்கான்." இது மூன்றாவது. மூன்று குரல் போதுமாயிருந்தது. அவருடைய சொந்தத் தெரு ஆட்களே அவரைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்தார்கள். ஐம்பது வயது மனிதர், எல்லா வீட்டு மோட்டாரையும் அவிழ்த்து மாட்டியவர். "சாமி, வேணும்னு பண்ணலீங்க, பின்னால நின்னு பாத்தனுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் அடி வாயில் விழுந்தது. அவர் பையிலிருந்தே பைப் ஸ்பேனரை ஒருவன் உருவினான். அவருடைய வலது கையை மண்ணில் அழுத்தி இன்னொருவன் முழங்காலை வைத்து உட்கார்ந்தான். "இந்தக் கைதானடா மாட்டுச்சு?"

நான் நிரூபித்தது நிஜம். அந்த நிஜம் அடி விழுகிற ஆளை மாற்றிவிட்டது, அடி அப்படியே இருந்தது. ஸ்பேனர் மேலே போனதைப் பார்த்தேன். அப்போது நான் சிரித்தேன். நிஜமாகவே, வாயைத் திறந்து, உதட்டு ரத்தம் பல்லெல்லாம் வழிய, உரக்கச் சிரித்தேன். "ஏமாந்தீங்களா! நாந்தான் மாத்துனேன். மணியண்ணன் டீ குடிக்கப் போனப்ப நாந்தான் வந்து மாத்துனேன். காலைலயே சொன்னனே, எருமை ஜெயிக்கும்னு? மாமாவையும் பின்னால கூட்டிட்டுப் போயி ஏமாத்திட்டேன் பாத்தீங்களா!" ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. நம்பினார்கள். எப்படி நம்பாமல் இருப்பார்கள்? அதுவரை நான் செய்த அத்தனை சேட்டையும் அந்தப் பொய்க்குச் சாட்சி சொல்ல வரிசையாக வந்து நின்றது. ஸ்பேனர்க்காரன் கை அந்தரத்தில் நின்றது. மணியண்ணன் மண்ணிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

உண்மை தெரிந்தவர் அங்கே இன்னும் ஒருவர் இருந்தார். பழனிச்சாமி மாமா என்னைப் பார்த்தார், மணியண்ணனின் கையைப் பார்த்தார், ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் நடந்து வந்து ஓங்கி ஒரு அறை விட்டார். காது ஙொய் என்றது, மண்ணில் விழுந்தேன். "ஆத்தா முன்னாடி விளையாடறயா, கழுத! இவளுக்கு நாங் குடுத்தது போதும். இனி இவ மேலயோ வேற எவன் மேலயோ கை வெச்சீங்கன்னா இந்தப் பொங்கல் இன்னியோட நின்னுச்சு. போங்கடா ஊட்டுக்கு!" என்றார். தலைவர் கையால் தண்டனை ஆகிவிட்டது, அதற்கு மேல் யாருக்கும் வேலை இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். அவர் என்னைத் தூக்கி நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் போகும்போது துண்டால் கண்ணைத் துடைத்தார். உன் அம்மாவை எத்தனையோ பேர் அடித்திருக்கிறார்கள். அவரைப் போல அழுதுகொண்டு அடித்தவர் வேறு யாரும் இல்லை.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் சக்திக்கு மூன்று பல் ஆடியது, விலா எலும்பில் விரிசல் விழுந்திருந்தது, இடது கண்ணில் உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. வீட்டில் உன் பாட்டி என்னிடம் பேசவில்லை, தாத்தா தட்டை மட்டும் என் பக்கம் தள்ளினார். மறுநாள் சக்தி கட்டுக்கு வெளியே தெரிந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக் கேட்டான், "நீதான் பண்ணுனயா?" இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? சொன்னால் யார் என்று கேட்பான். சொல்லிவிடுவேன். படுக்கையைச் சுற்றி எங்கள் தெருப் பையன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள், அவர்களும் கேட்டுவிடுவார்கள். "ஆமா" என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்காக அத்தனை அடி வாங்கியபோது அவன் முகம் இப்படிச் சுருங்கவில்லை.

அடுத்த நாள் மணியண்ணன் வந்தார். வாய் வீங்கி, முழங்கால் வைத்து நசுக்கிய வலது கையில் துணிக்கட்டு, இடது கையில் ஒரு பாக்கெட் பிரெட்டு. பையன்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன். கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் கால்மாட்டில் நின்று, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். பின்னால் நின்று பார்த்தது, முன்னால் போய்ப் பார்க்காதது, ஸ்பேனர், என் சிரிப்பு, எல்லாம். "ஊருக்கும் நானே சொல்லிடறந் தம்பி. உங்கிட்ட மொதல்ல சொல்லோணும்னு வந்தேன்" என்றார். சக்தி எழுந்து உட்கார முயன்றான். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவன் கை முஷ்டியாக இறுகுவதைப் பார்த்தேன். "கிட்ட வாங்க" என்றான். மணியண்ணன் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை நீட்டினார். நான் நடுவில் போய் நின்றேன்.

"நீ தள்ளுடி" என்றான் சக்தி. "எங்கிட்டயும் எதுக்குடி பொய் சொன்ன?"

"சொன்னா நீ இவர அடிப்ப."

"அடிப்பேந்தான்." கம்பியை விட்டுவிட்டு அவன் கை மடியில் இறங்கியது. "ஊருக்குச் சொல்லாதீங்கண்ணா. இப்பச் சொன்னா எங்க தெருக்காரனுக உங்கள முடிச்சிருவானுக. சூடு ஆறட்டும். அதென்ன கையில, பிரெட்டா? டீயில நனச்சு நீங்களே ஊட்டுங்க. எனக்கு வாய் தெறக்க மாட்டேங்குது." மணியண்ணன் இடது கையால் நனைத்து ஊட்டினார். பாதி சட்டையில் விழுந்தது. "மெதுவாண்ணா, பல்லு ஆடுது" என்றான் உன் தாய்மாமன். நான் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சூடு ஆற ஒரு வருடம் ஆனது. இந்த வருடம் பொங்கல் கமிட்டி கூடியபோது மணியண்ணன் எழுந்து சொல்லிவிட்டார். பழனிச்சாமி மாமா தனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். யாரும் கை ஓங்கவில்லை, யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. எழுதிக்கோ அம்மிணி என்று மணியண்ணன் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். நான் கணக்கைப் படிக்கப் போகிறேன், படமும் வரைவேன். ஒரு வரிசையைத் திருப்பினால் அர்த்தம் திரும்பும் என்பதைப் புத்தகம் எனக்குச் சொல்லித் தரும். திரும்பிய அர்த்தம் யார் எலும்பில் போய் இறங்கும் என்பதைப் புத்தகம் சொல்லாது, அதை நீ முன்பக்கம் நடந்து போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீயும் என் மாதிரி வாயோடு பிறப்பாய், தடுக்க முடியாது. கிண்டல் செய், நிறையச் செய். ஆனால் ஒருவன் அடிபட்டுக்கொண்டிருக்கும்போது யார் தப்பு என்று நிரூபிக்க ஓடாதே. முதலில் அடியை நிறுத்து.

உன் தாய்மாமனுக்கு இடது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, உருவம் தெரிவதில்லை. அதைப் பற்றி அவன் பேச மாட்டான், நீயும் கேட்காதே. அவனிடம் எதையாவது கொடுக்கக் கை நீட்டும்போது மட்டும், மறக்காமல், அவனுக்கு வலது பக்கமாக வந்து நின்று நீட்டு.